மெடல் பெறாத வெற்றி வீரர்

கல்யாண விருந்து பிரமாதம் என்று எல்லோரும் புகழ்கிறோம். அடுப்படியில் வியர்வை சொட்ட நின்ற சமையற்காரரின் பெயரை யாராவது கேட்டதுண்டா? கால்பந்து உலகிலும் இதே கதைதான், நேயர்களே!

ருஷ்ய கோல் கீப்பர் லெவ் யாஷினைப் பற்றி உங்கள் வீட்டுப் பந்தாட்டப் பிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் சொல்வார்கள். காவ்ரீல் கச்சாலின் யார் என்று கேளுங்கள், விழிப்பார்கள். யாஷின் ஆடிய அந்தப் பொற்காலக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தவரே அவர்தான்!

1911ல் மாஸ்கோவில் பிறந்த கச்சாலின், மாஸ்கோ டைனமோ கோஷ்டியில் ஆடியவர். 1955ல் ஸோவியத் தேசியக் கோஷ்டியின் பயிற்சியாளரானார். அடுத்த ஆண்டே மெல்போர்ன் ஒலிம்பிக் வந்தது. அரையிறுதியில் பல்கேரியாவிடம் தோற்கும் நிலை. அப்போது கோல் போட்டுக் கோஷ்டியைக் காப்பாற்றியவன் ஸ்ட்ரெல்ட்ஸாவ் என்ற பத்தொன்பது வயது வாலிபன்.

மற்றோர் அரையிறுதியில் நம் இந்தியாவை வென்ற யூகோஸ்லாவியாதான் இறுதி ஆட்டத்தில் எதிரி. அந்த ஆட்டத்துக்கு ஸ்ட்ரெல்ட்ஸாவைக் கச்சாலின் சேர்க்கவில்லை! அவனுடைய ஜோடி ஆட்டக்காரருக்குக் காயம். ஒரே கிளப்பில் சேர்ந்து பழகியவர்கள்தாம் முன்வரிசையில் ஜோடியாக ஆடவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே ஸிமோன்யான் இறங்கினார். 1–0 என்ற கணக்கில் தங்கம் கிடைத்தது.

அந்தக் காலத்தில் இறுதி ஆட்டத்தில் ஆடிய பதினொருவருக்குத்தான் மெடல். மனம் கேளாமல் ஸிமோன்யான் தம்முடைய மெடலை நீட்டினார். தனக்கு இன்னும் வயது இருக்கிறது என்று வாலிபன் வாங்க மறுத்துவிட்டான். பாவம், ஒலிம்பிக் மெடல் அவனுக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அந்தக் கடினமான முடிவைச் செய்த கச்சாலினுக்கும் மெடல் கிடையாது. பயிற்சியாளர்களுக்கு அதைத் தரும் வழக்கமே இல்லை!

1960ல் முதன்முதலாக நடந்த ஐரோப்பியக் கோப்பைப் பந்தயத்திலும் அவருடைய கோஷ்டியே ஜயித்தது. பாரிஸ் இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் பொனெடெல்னிக் தலையால் முட்டிய பந்து வெற்றியைத் தந்தது. அதற்குப் பிறகு ஸோவியத் நாடும் சரி, ருஷ்யாவும் சரி, அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை.

1962ல் உலகக் கோப்பைக் கால் இறுதியில் சிலியிடம் 1–2 என்று தோல்வி. பழி யாஷின் மீதும் விழுந்தது, கச்சாலின் மீதும் விழுந்தது. யாஷின் மறு ஆண்டே ஐரோப்பாவின் தங்கப் பந்து விருதைப் பெற்றார். இன்றுவரை அதைப் பெற்ற ஒரே கோல் கீப்பர் அவர்தான். கச்சாலினுக்கோ பதவி போயிற்று.

மனிதர் சோர்ந்துவிடவில்லை. ஜார்ஜியாவின் டிபிலிஸி டைனமோவுக்குப் போனார். 1964ல் அந்தக் கோஷ்டி முதல் தடவையாக ஸோவியத் சாம்பியனாயிற்று! 1970 உலகக் கோப்பைக்கு மீண்டும் தேசியக் கோஷ்டியை நடத்திச் செல்ல அவரையே அழைத்தார்கள். 1995ல் அவர் காலமானார்.

அடுத்த தடவை டெலிவிஷனில் பந்தாட்டம் பார்க்கும்போது, கோட்டுக்கு வெளியே கவலையோடு நிற்கும் மனிதரையும் ஒரு கணம் கவனியுங்கள். அடுப்படிக் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு அவர் முகம் அந்நியமாகத் தோன்றாது!