உருக்கெண்ணெய்க்கும் உண்டு பரீட்சை!

பிள்ளைக்குக் கரப்பான் என்று திருவனந்தபுரம் ஆரியசாலையில் சொல்லிப் பாருங்கள். "உருக்கெண்ணெய் தேய்ச்சியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுக்கும் அந்த எண்ணெய்க்கு நெருங்கிய சொந்தமான விர்ஜின் தேங்காய் எண்ணெய், பிலிப்பைன்ஸில் முறையான மருத்துவப் பரீட்சையே எழுதியிருக்கிறது! வாருங்கள், அந்தப் பரீட்சை அறைக்குள் எட்டிப் பார்ப்போம்.

லேசான, நடுத்தரமான கரப்பான் உள்ள 117 குழந்தைகள். யாருக்கு எந்த எண்ணெய் என்பது குலுக்கல் முறையில் முடிவாகிறது. சிலருக்குத் தேங்காய் எண்ணெய், மற்றவர்களுக்கு மினரல் ஆயில். எது யாருக்குப் போனது என்று டாக்டருக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது!

அடுத்தது மார்க் போடும் படலம். இதற்கு 'ஸ்கோராட்' என்றொரு கணக்கு. மொத்தம் 103, மார்க் குறையக் குறையக் கொண்டாட்டம்! குழந்தையின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். அதை வைத்தே பரப்பை அளந்துவிடலாம். சிவப்பு, வீக்கம், நீர்க்கசிவு, சொறிந்த காயம், தடிப்பு, வறட்சி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி: அரிப்புக்கு 10, தூக்கம் கெட்டதற்கு 10. இதைச் சொல்வது குழந்தையும் பெற்றோரும்தான். ராத்திரி முழுக்க விழித்திருந்த அம்மாவின் சொல்லும் விஞ்ஞானக் கணக்கில் ஏறுகிறது! தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும் நீரை அளக்கவும் ஒரு குட்டிக் கருவி உண்டு.

8 வாரம் முடிந்தது. தேங்காய் எண்ணெய் பூசியவர்களின் மார்க் சுமார் 68 சதவீதம் குறைந்திருந்தது. மினரல் ஆயிலில் சுமார் 38 தான்! 2014-இல் முடிவு அச்சேறியது.

எல்லாமே தேறுவதில்லை. இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து, கடின நீரை மென்மையாக்கும் இயந்திரத்தைச் சோதித்தார்கள். எந்த வீட்டில் இயந்திரம் இருக்கிறதென்று மார்க் போட்ட நர்சுகளுக்குத் தெரியாது. 2011-இல் வந்த விடை: கரப்பானுக்குக் கூடுதல் பலன் இல்லை. எத்தனை குடும்பங்களுக்குப் பணம் மிச்சம்! 2022-இல் 6 மாதக் குழந்தைக்கும் அமெரிக்கா அனுமதித்த, கரப்பானுக்கான டூபிலுமாப் ஊசியும் இப்படி யாருக்கு எதுவென்று மறைத்துச் சோதித்த பிறகே வெளியே வந்தது.

உங்கள் பிள்ளையை ஒரு பரிசோதனையில் சேர்க்கக் கேட்டால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். 7 வயதைத் தாண்டிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்டாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நீர் வடியும் புண்ணில் மட்டும் நீங்களாக எதையும் தேய்க்காமல், முதலில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.