வைகறை வானமும் பூமியின் ஓட்டமும்

பூமி சூரியனைச் சுற்றி வருகிறது என்று எந்த மாணவனும் மனப்பாடமாகச் சொல்வான். அதன் விளைவை வானத்தில் கண்டதுண்டா என்று வினவினால் விடை கிட்டுவது அரிது. அதனைக் காட்டுவதற்குத் தொலைநோக்கி வேண்டுவதில்லை. கிழக்கே மறைப்பில்லாத வெளியும், ஒரு குறிப்பேடும், ஒரு மாதப் பொறுமையும் போதும்.

நவம்பர் நடுவில், சூரியோதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, வடகிழக்கை நோக்குக. ஏழு விண்மீன்களாலான சப்தரிஷி மண்டலம் தென்படும். அதன் வால் வளைந்து செல்லும் போக்கிலேயே பார்வையைக் கீழே செலுத்தினால் பொன்னிறச் சுவாதியையும், அதற்கப்பால் கிழக்கடிவானத்தை அடுத்து வெண்ணிறச் சித்திரையையும் காணலாம். கையை நன்கு நீட்டி முஷ்டியை மூடினால், அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகையாகும். அன்று சித்திரையின் உயரம் ஒன்றரை முஷ்டி அளவே இருக்கும். டிசம்பர் நடுவில் அதே முறையில் அளந்தால், அது நான்கு முஷ்டிக்கு மேல் உயர்ந்திருக்கும்.

பூமி தன் பாதையில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு பாகை முன்னேறுகிறது. ஆகவே ஒவ்வொரு விண்மீனும் நாள்தோறும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக உதிக்கிறது. ஒரு மாதத்தில் இது 2 மணி நேரமாகிறது. எனினும், சூரியனே விண்மீன்களிடையே நகர்கிறது என்று கொண்டாலும் இக்காட்சி பொருந்தும். பண்டையோர் பலர் அவ்வாறே கொண்டனர். பூமியின் ஓட்டத்தால் விண்மீன் ஒன்று ஆண்டுக்குள் மிகச் சிறிதளவு இடம்பெயர்ந்து தோன்றுவதை 1838இல் பெஸ்ஸல் என்பார் அளந்து வெளியிட்டார். இவ்வேறுபாட்டை ஆசிரியர் மறைக்காது விளக்குதல் நன்று.

கோள்களை இனங்காண்பதும் கடினமன்று. நவம்பர் வைகறையில் உச்சியை அடுத்து விளங்கும் மகத்தையும் கிழக்கேயுள்ள சித்திரையையும் ஒரு கோட்டால் இணைத்துக்கொள்க. கோள்கள் இக்கோட்டை ஒட்டியே செல்லும். விண்மீன் படத்தில் இல்லாத, அதிகம் மினுக்காத ஒளிப்புள்ளி இதனருகே தோன்றினால் அது பெரும்பாலும் கோளேயாகும். வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேலும், புதன் 28 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றுக்கு இவ்வரம்பு இல்லை. கொல்கத்தாவிலுள்ள நிலைசார் வானியல் மையம் வெளியிடும் ராஷ்டிரிய பஞ்சாங்கத்தைக் கொண்டு முடிவைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

களப்பணியாளர்கள் இரண்டு செய்திகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கெல்லைக்கும் குஜராத்தின் மேற்குக் கரைக்கும் உதய நேரத்தில் ஏறக்குறைய 2 மணி வேறுபாடு உண்டு. ஆதலால் கடிகார மணியை அன்றி, உள்ளூர் உதயத்தையே கணக்கிற்கொள்க. இருகண் நோக்கியைப் பயன்படுத்துவோர் உதயத்துக்கு முன்பே அதனை உறையிலிட வேண்டும். அதன் வழியே சூரியனை நோக்கின் பார்வை பறிபோகும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் கடற்கரைப் பகுதிகளில் நவம்பர் வானம் மேகத்தால் மூடியிருக்கலாம். அங்குள்ளோர் ஜனவரி நடுவில், தென்கிழக்கே தோன்றும் செந்நிறக் கேட்டையைக் கொண்டு இதே அளவையைத் தொடங்கலாம். நாள், நேரம், முஷ்டியளவு, மேகநிலை ஆகிய நான்கையும் அன்றன்றே குறித்துவருக.