ஆட்டுக்குக் குழை: விதையிலிருந்து ஒரு வேலி

வாழ்வாதார உதவியாக ஆடு பெற்ற குடும்பங்களைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் கேட்பது, “ஆவணியில் குழைக்கு எங்கே போவீர்கள்?” என்றுதான். பெரும்பாலும் பதில் வராது. மாரியில் பாதையோரமெல்லாம் பச்சை. ஆனி பிறந்தால் வன்னியில் புல் கருகிவிடும். அப்போது கொக்கத்தடியோடு காட்டோரம் போக வேண்டும், அல்லது அயல் வேலியில் கைவைத்து ஏச்சு வாங்க வேண்டும். மிதிவெடிப் பலகை நின்ற பற்றைகளுக்குள்ளும் குழைக்காகப் போன சகோதரிகள் இருக்கிறார்கள். போக முடியாதவர்கள், வியாபாரி சொன்ன விலைக்கு ஆட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். உதவித் திட்டங்களில் ஆடு வரும், கொட்டிலுக்குத் தகரமும் வரும். குழையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முன்பு வளவைச் சுற்றி நின்ற பூவரசும் சீமைக்கிளுவையும் முள்முருக்குமே ஆட்டின் சாப்பாடு. 2008, 2009 இல் இடம்பெயர்ந்து, பிறகு மீள்குடியேறியபோது பலருடைய வளவில் வேலியே இருக்கவில்லை. சிலருக்குக் கம்பிவேலி கிடைத்தது. கம்பியை ஆடு தின்னாது.

25 கிலோ நிறையுள்ள மறி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பச்சைக்குழை வேண்டும். இரண்டு மறியும் குட்டிகளும் என்றால் கணக்கை நீங்களே பாருங்கள்.

கதியால் நட்டால் விரைவாகத் தளிர்க்கும் என்பது உண்மை. ஆனால் கதியாலைத் தேடிச் சுமந்து வரவேண்டும். அதன் வேரும் மேலோடுதான் ஓடும். விதையில் முளைத்த மரம் ஆணிவேர் விட்டு, கோடையை நன்றாகத் தாங்கும்.

சீமைக்கிளுவை தை, மாசியில் பூத்து, பங்குனி சித்திரையில் நெற்று முற்றும். மஞ்சள் கலந்த மண்ணிறமாகும்போதே பறித்துவிடுங்கள். காய்ந்தால் வெடித்து விதை சிதறிவிடும். சாக்கில் பரப்பி, மேலே பழைய சேலையால் மூடிக் காயவிட்டு, விதையைப் போத்தலில் அடைத்து வையுங்கள். ஆவணிக் கடைசியில் ஓர் இரவு ஊறவைத்து, மண்ணும் ஆட்டெருவும் நிரப்பிய பால்மாப் பைகளில் பைக்கு இரண்டு விதையாக, அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். அரிசி கழுவிய தண்ணீரே போதும். ஐப்பசி மழை விழுந்ததும் எல்லையோரமாக இரண்டடிக்கு ஒன்றாக நட்டுவிடுங்கள்.

இப்பில் இப்பில் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, அதில் சில நிமிடம் விதையைப் போட்டெடுத்து, பிறகு பச்சைத்தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இந்தக் குழை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் ஆட்டுக்கு மயிர் கொட்டும்.

முதற்கோடையில் கைகொடுப்பது அகத்திதான். மழையோடு நேரே நிலத்தில் ஊன்றினால் நாலு மாதத்தில் குழை எடுக்கலாம், பிள்ளைகளுக்கு வறையும் வைக்கலாம். பக்கக் கிளைகளை மட்டும் ஒடியுங்கள். அடியோடு வெட்டினால் பட்டுவிடும். சீமைக்கிளுவையை ஒரு வருடம் வெட்டாமல் விட்டு, பிறகு இடுப்பளவில் வெட்டினால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளிர்த்துத் தரும்.

காணிப் பத்திரம் இல்லாத சகோதரிகள் மரம் நடத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. அவர்கள் அகத்தியையாவது நடலாம். அது எப்படியும் சில வருடங்களே நிற்கும்.

கன்றுகளுக்கு முதல் எதிரி உங்கள் ஆடுதான். ஒரு நாள் அவிழ்ந்தால் ஒரு மாத வேலை போய்விடும். முட்கிளையோ பனைமட்டையோ வைத்து அடைத்துவிடுங்கள். குழையைக் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். நிலத்தில் போட்டு மிதிபட்டதை ஆடு தொடாது, பூச்சித் தொல்லையும் வரும். சீமைக்கிளுவையின் மணம் பழகாத ஆடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும். அரைநாள் வாடவிட்டு, பூவரசங்குழையோடு கலந்து கொடுத்தால் சில நாளில் தின்னத் தொடங்கும்.