நத்தார்க் கால இளவரசனும் நாம் நால்வரும்

மார்கழி விடுமுறை ஆசிரியர்க்கு விடுமுறையன்று; விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக வீடு வந்து சேரும் காலம். சென்ற மார்கழியில், மழை விடாது பெய்த ஒரு மாலைப்பொழுதில், அக்கட்டுகளை அவிழ்க்காமலே வைத்துவிட்டு நண்பர் ஒருவரின் வீட்டில் நாம் நால்வர் கூடினோம். இருவர் எம்மோடு கற்பிப்பவர்கள். ஒருவர் கணிதம், மற்றவர் புவியியல். வீட்டுக்காரர் விலங்கியல் கற்பித்து இளைப்பாறியவர். வயதில் மூத்தவராதலின் அவரை அண்ணர் என்றே அழைப்போம். மனைவியார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள்.

தேநீரும் பருத்தித்துறை வடையும் வந்தன. நல்ல படமொன்றைப் பார்ப்போம் என்று தொடங்கிய ஆலோசனை, நல்ல படம் எது என்ற வாதமாகி, அரைமணி நேரத்தை விழுங்கியது. ஈற்றில், இருப்பவற்றுள் மிக அசட்டுத்தனமானதைப் பார்ப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. தெரிவானது, நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2017ஆம் ஆண்டு கார்த்திகையில் வெளியிட்ட ‘ஏ கிறிஸ்மஸ் பிரின்ஸ்’.

கணித நண்பர் எதையும் கணக்காக்கிப் பார்ப்பவர். படம் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் அதை நிறுத்தி, ஆளுக்கொரு தாள் கிழித்துத் தந்தார். இனி நடக்கப்போகும் ஐந்து காரியங்களை ஒவ்வொருவரும் எழுதவேண்டும். தோற்பவர் மறுநாள் எல்லோருக்கும் கொத்துரொட்டி வாங்கித் தரவேண்டும். அண்ணர் மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நான் எழுதினால் அது நியாயமாகாது” என்றார். தன்னடக்கம் என்று எண்ணி அதை நாம் பொருட்படுத்தவில்லை.

கதை இதுதான். நியூயோர்க் நகரத்துப் பத்திரிகைக்காரி ஒருத்தி, அல்டோவியா என்னும் கற்பனை நாட்டின் இளவரசனைப் பற்றி எழுத அனுப்பப்படுகிறாள். அரண்மனையில் அவளைச் சிறிய இளவரசிக்குப் பாடஞ் சொல்ல வந்த ஆசிரியை என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள். அவளும் மறுக்காமல் அந்த வேடத்தைத் தரித்துக்கொள்கிறாள். பாடத்திட்டம் எங்கே, பாடக் குறிப்பு எங்கே என்று கணித நண்பர் கூச்சலிட்டார். குதிரையிலிருந்து விழுந்தவளை ஓநாய் ஒன்று நெருங்க, இளவரசன் வந்து காப்பாற்றுகிறான். இதை நாம் மூவரும் எழுதியிருந்தோம். ஓநாயை மாத்திரம் கணித நண்பர் கரடி என்று எழுதியிருந்தார். அது செல்லுமா செல்லாதா என்பதில் இன்னுமொரு வாதம்.

வேடமிட்டுச் சென்று காதல் கொள்ளும் கதை எமக்குப் புதியதன்று. கதிர்காமத்து முருகன் வள்ளியை நாடி வேடனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தனாகவும் வந்தவனல்லனோ? எனினும், இறந்துபோன மன்னன் தன் அரச பிரகடனத்தை நத்தார் மரத்தில் தொங்கும் ஓக் மரக்காய் வடிவான ஓர் அலங்காரப் பொருளுக்குள் ஒளித்து வைத்திருப்பான் என்பதை எந்தப் பட்டதாரி ஊகிப்பான்? அங்கேதான் நாம் தோற்றோம். சகுந்தலையின் கணையாழியை மீன் வயிற்றில் வைத்துக் கதை சொன்ன மரபில் வந்தவர்கள் ஓக் காயைப் பழிக்கலாமோ என்று புவியியல் நண்பர் கேட்டார். அவரும் தோற்றவரே.

ஆனால் அரண்மனையைக் கண்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது ருமேனியாவின் கார்பேத்திய மலைச்சாரலில், சினாயா என்னும் ஊரிலுள்ள பெலேஷ் மாளிகை என்றார். கட்டுவித்தவர் முதலாம் கரோல் மன்னர். ஜேர்மனியிற் பிறந்து, 1866இல் ருமேனியாவை ஆள அழைக்கப்பட்டவர். 1873இல் தொடங்கிய வேலை 1914இல்தான் முற்றுப்பெற்றது. நாற்பது ஆண்டுக்கு மேல் உழைத்துக் கட்டிய உண்மையான மாளிகைக்குள் இந்தப் பொய்க்கதையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே என்பது அவர் மனக்குறை. எமக்கோ, வேற்று நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட ஒருவர் அரசரான அந்த உண்மைக் கதையே படக்கதையைவிட நம்புதற்கு அரிதாகத் தோன்றிற்று.

இத்தகைய படங்கள் அமெரிக்காவில் ஒரு பெருந்தொழில். 1910இல் கன்சாஸ் நகரில் வாழ்த்து அட்டை விற்கத் தொடங்கிய ஜோய்ஸ் ஹோல் என்பாரின் நிறுவனமே ஹோல்மார்க். அப்பெயர் தாங்கிய தொலைக்காட்சி, 2009 முதல் நத்தாரை முன்னிட்டுப் புதுப் படங்களைத் தொடர்வரிசையாக ஒளிபரப்பி வருகின்றது. நகரத்துப் பெண் சிற்றூருக்குப் போவாள், பனி பெய்யும், முத்தம் கடைசிக் காட்சிக்கென்று காத்திருக்கும். பல படங்கள் கனடாவில், கோடைகாலத்தில், சில வாரங்களுக்குள்ளேயே எடுக்கப்படுகின்றன. நடிகர்கள் கம்பளிச் சட்டைக்குள் வியர்த்து நிற்க, செயற்கைப் பனி தூவப்படும். வாழ்த்து அட்டை வாங்குபவர் அதில் புதுமையைத் தேடுவதில்லை; படமும் அவ்வாறே.

படம் முடிந்தது. புத்தாண்டுக்கு முந்திய இரவில், நியூயோர்க்கில் அவளுடைய தகப்பனாரின் உணவுக்கடைக்கே இளவரசன் வந்து மணம் கேட்டான். நாம் கைதட்டிச் சிரித்தோம். அப்பொழுது கணித நண்பர் ஒரு செய்தியை நினைவூட்டினார். 2017 மார்கழியில் அந்நிறுவனமே, 53 பேர் தொடர்ந்து 18 நாள், நாள்தோறும் இப்படத்தைப் பார்த்திருப்பதாக வெளிப்படையாக எழுதி, உங்களை மனம் நோகச் செய்தவர் யார் என்று அவர்களைக் கேலியாகக் கேட்டதாம். பார்ப்பவரை ஒளிந்திருந்து கணக்கெடுத்துப் பரிகசிப்பதா என்று அன்று பலர் கண்டித்ததும் உண்டு. நாமோ அந்தக் கேலியை எடுத்துக்கொண்டு, அந்த 53 பேரும் எப்படிப்பட்டவர்களாய் இருந்திருப்பார்கள் என்று ஆளுக்கொரு கற்பனை செய்து சிரித்துக்கொண்டிருந்தோம்.

“நான் ஆறு தரம் பார்த்திருக்கிறேன்” என்றார் அண்ணர்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் முகத்தில் கோபமில்லை. தேநீர்க் கோப்பைகளை அடுக்கியபடியே சொன்னார். மனைவியார் போனபின் வந்த முதல் மார்கழி. மகள் ரொறன்ரோவிலிருந்து நாள்தோறும் அழைப்பாள். இருவருக்கும் பேச்சு வராது. பேசினால் அம்மாவைப் பற்றிப் பேசவேண்டும். பேசாதிருந்தால் அதைவிடத் துன்பம். ஒருநாள் அவளே, ஒரு படம் பார்ப்போமா அப்பா என்றாள். இங்கே இரவு ஏழரை, அங்கே காலை ஒன்பது. தொலைபேசியைத் திறந்தபடி வைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி, இருவரும் ஒரே கணத்தில் படத்தை ஓடவிட்டார்கள். ஓநாய் வந்த இடத்தில் மகள் சிரித்தாள். அம்மாவின் காரியம் முடிந்தபின் அவள் சிரித்ததை அன்றுதான் கேட்டாராம்.

“நல்ல படமென்றால் யாராவது செத்துப்போவார்களே, தம்பி” என்றார் எம்மைப் பார்த்து. “இதிலே என்ன வருமென்று முழுக்கத் தெரியும். பயப்படத் தேவையில்லை.”

கணித நண்பர் பந்தயத் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். யார் தோற்றவர் என்பது தீர்மானிக்கப்படவில்லை. மறுநாட் கொத்துரொட்டிக்கு நாமே காசு கொடுத்தோம். புறப்படும்போது, 2018இல் இதன் இரண்டாம் பாகமும் வந்ததே, அடுத்த மழைக்கு அதைப் பார்ப்போமா என்று புவியியல் நண்பர் மெல்லக் கேட்டார். அண்ணர் குடையை எடுத்துக் கொடுத்தபடி யோசித்தார். மகள் சித்திரையில் வருகிறாளாம்; அதை அவளோடிருந்து பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். நாமும் அப்பொழுது வரலாம், ஆனால் கதையை முன்கூட்டி எழுதும் தாளைக் கொண்டுவரக்கூடாது என்றார்.