மண்பாண்டங்கள் – 17: பிடிவாதக்காரி பெற்ற ஓய்வு

1929 ஜூன் 15. கருநீர்க் காய்ச்சலில் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் இறந்தார், வாழவந்தியில் அடக்கம். போன வாரம் அங்கே நிறுத்தினோம். இந்த வாரம் அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வழியை மறித்து நிற்கிறார் பாலின் தாய், ஜெஸ்ஸியின் மனைவி ஈவ்லின். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

ஈவ்லின் 1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான வணிகர் வீட்டுப் பெண், ஓவியம் தீட்டுபவர். 1913-ல் ஜெஸ்ஸியை மணந்துகொண்டு சேந்தமங்கலத்துச் சமவெளியை விட்டு மலையேறினார். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. அன்று நடை, இல்லையேல் டோலி. கொல்லிமலை மட்டுமல்ல, பச்சைமலை, கல்வராயன் உட்பட ஐந்து மலைகளுக்கும் சுவிசேஷம் போக வேண்டும் என்பது கணவன் மனைவி இருவரின் கனவு. கணவர் போன பிறகு மிஷன் ஈவ்லினைச் சமவெளி வேலைக்கு மாற்றியது. மனம் மட்டும் மலையிலேயே கிடந்தது.

அவருக்கு 68 வயதானபோது, இன்னொரு தவணை கிடையாது, ஓய்வு பெறுங்கள் என்று மிஷன் சொல்லிவிட்டது. ஒரே ஒரு வருடம் கொடுங்கள், பிறகு ஓய்வு பெறுகிறேன் என்று கெஞ்சினார். மிஷன் இரங்கியது. அந்த ஒரு வருடத்தில் சத்தமில்லாமல், வீடு கட்டத் தேவையான சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். தவணை முடிந்ததும் உடன் ஊழியர்கள் விடைகொடுக்கக் கூடினார்கள். அப்போதுதான் சொன்னார்: மிஷனிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், இனி என் சொந்தப் பொறுப்பில் மலையில்தான் இருக்கப் போகிறேன்.

சபைகளில் இதைச் சிரித்துக்கொண்டே சாட்சியாகச் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஈவ்லின் தன் எண்ணத்தை ஒரு வருடம் மறைத்தார்; நம்பி இரங்கியவர்களை ஏமாற்றினார். யாக்கோபு செய்ததும் இதுதான். வெள்ளாட்டுக்குட்டியின் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, பார்வை மங்கிய தகப்பனுக்கு முன்னால் நின்றவன் அவன். வேதாகமம் அதை மழுப்பவில்லை. ஆசீர்வாதமும் அவனை விட்டுப் போகவில்லை, அதற்கான விலையும் போகவில்லை: லாபானிடம் தானே ஏமாந்தான், பெனியேலில் நொண்டிக்கொண்டு எழுந்தான். ஈவ்லினும் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அதன்பின் கைக்கு ஒன்றாக இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி மலைப்பாதையில் நடந்தார். நடக்க முடியாத இடத்துக்குக் குதிரையில் போனார்.

போய் என்ன செய்தார் என்பதில்தான் இந்த வாரம் முழுக்க மூழ்கிக் கிடந்தேன். நரம்புச் சிலந்தி நோயை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி வழியாக அந்த நோயைத் தரும் புழு வயிற்றுக்குள் போகிறது. ஏறத்தாழ ஒரு வருடம் உடலுக்குள் வளர்ந்து, சேமியா இழை போல ஒரு மீட்டர் வரை நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளமாக வெடித்து வெளியே வருகிறது. வெளிவந்த முனையை ஒரு குச்சியில் சுற்ற வேண்டும். தினமும் சிறிதளவுதான் வெளியே இழுக்கலாம். அவசரப்பட்டால் அறுந்துவிடும், உள்ளே நின்ற துண்டு சீழ் பிடிக்கும். எரிச்சல் தாங்காமல் நோயாளி அந்தக் காலைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தால், புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளை விட்டுவிடும். அதே தண்ணீரைத்தான் ஊரே குடிக்கும்.

கால் தண்ணீரில் படாமலிருந்தால் இந்தச் சுழற்சி அறுந்துபோகும். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்புங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தீர்த்தார் ஈவ்லின். அந்த மலையில் நோய் ஒழிந்ததற்குத் தன் தாயே பெருங்காரணம் என்று பால் பிராண்ட் பிற்பாடு எழுதினார். நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என்று இந்தியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது 2000-ல்தான்.

மிஷனுக்குத் தலைவலியாக இருந்த பிடிவாதமும், கிணற்றுக்குக் கிணறு போய் நின்ற பிடிவாதமும் ஒன்றே. குறையைக் கழுவித் துடைத்த பிறகுதான் ஆளைத் தொடுவேன் என்று தேவன் காத்திருப்பதில்லை. அதற்காகக் குறையைப் புண்ணியம் ஆக்குவதும் இல்லை. ஈவ்லின் மறைத்தது தவறு. அந்தத் தவறின் மேல் நடந்த ஊழியம் தேவனுடையது. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் துணிவதே விசுவாசம் என்று நம்புகிறேன். நம் சபைகளில் ஊழியர்களின் வாழ்க்கை வரலாறுகளைக் குறை நீக்கி எழுதும்போது, குறையுள்ள இளைஞன் ஒருவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம்.

ஓய்வு பெற்ற பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 1974-ல் 95 வயதில் ஈவ்லின் மறைந்தார். கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

இனி பால். தகப்பனின் வைத்தியத்தில் பார்த்த சீழும் ரத்தமும் அருவருத்துப்போய், மருத்துவமே வேண்டாம் என்று கட்டட வேலை கற்கப் போனவர் அவர். கொல்லூறும் உளியும் பிடித்த அந்தக் கை, வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய கதை அடுத்த வாரம்.