கால்நடை இழப்பும் அரசாங்க நட்டஈடும்

ஐக்கிய அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் மீட் கவுண்டி முதலிய மேற்குப் பகுதிகள் மாடு வளர்ப்பிற் பெயர்பெற்றவை. 2013 ஒக்டோபர் முற்பகுதியில் அங்கு முதலிற் குளிர்மழை பெய்தது; பின்னர் கடும் பனிப்புயல் வீசியது. மாடுகள் கோடைகால மேய்ச்சல் நிலங்களிலேயே நின்றன. அவற்றின் மாரிகால உரோமம் அடர்ந்து வளர்ந்திருக்கவில்லை. நனைந்த உடலைப் பனிக்காற்றுத் தாக்கியமையால் ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன.

அவ்வேளையில், கால்நடை நட்டஈட்டுக்கு வழிசெய்த சட்டம் காலாவதியாகியிருந்தது. நிதி ஒதுக்கீடு நிறைவேறாமையால் மத்திய அரசாங்கத்தின் விவசாய அலுவலகங்களும் மூடப்பட்டிருந்தன. உதவி கிடைக்குமோவென அறியாத நிலையிலும், இறந்த மாடுகளை எண்ணி, புகைப்படமெடுத்து, பிறர் சாட்சியுடன் பதிவுசெய்யுமாறு பண்ணையாளருக்கு ஆலோசனை கூறப்பட்டது.

2014 பெப்ரவரி 7ஆம் திகதி புதிய விவசாயச் சட்டம் கையொப்பமிடப்பட்டது. 2011 ஒக்டோபர் தொடக்கம் நேர்ந்த இழப்புகளும் அதில் அடங்கின. ஏப்ரல் 15ஆம் திகதி முதல் விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. சராசரிச் சந்தை விலையில் நூற்றுக்கு 75 வீதம் நட்டஈடாக வழங்கப்பட்டது. முன்னரே பதிவுசெய்து வைத்தோர் தம் இழப்பை எளிதில் நிறுவக்கூடியதாயிற்று.

2022 டிசம்பரில் எமது வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் குளிர்காற்றினால் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாக இறந்தன. ஆகவே, வயலோடு கால்நடையும் வைத்திருக்கும் கமக்காரர் ஒவ்வொருவரும் பட்டியிலுள்ள பிராணிகளின் எண்ணிக்கை, வயது, குறி என்பவற்றைக் கொப்பியொன்றில் எழுதிவைத்தல் வேண்டும். இழப்பு நேரின், உடலைப் புதைக்குமுன் கிராம அலுவலருக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவித்தல் நன்று. புதைத்தபின் எண்ணிக்காட்டுதல் இயலாது.