ஒரு முழ ஓசில் ஊசலாடும் உயிர்! பழைய காருக்கு டிஸ்க் பிரேக் போடுபவர்கள் உஷார்!

வீட்டில் சும்மா கிடந்த பழைய அம்பாசடருக்கு டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, சீட் தைத்து மறுபடி ரோட்டுக்குக் கொண்டு வருபவர்கள் சென்னையில் நிறையப் பேர். வண்டி ஓட ஆரம்பித்ததும் அடுத்த ஆசை வந்துவிடும். "டிரம் பிரேக் இந்த டிராபிக்குக்குத் தாங்காது. முன் வீலுக்கு டிஸ்க் போட்டுடலாம்!"

நல்ல ஆசைதான். அடிக்கடி மிதித்துச் சூடேறினாலும், மழைத் தண்ணீரில் நனைந்தாலும் டிரம் பிரேக்கின் பிடி குறையும். டிஸ்க் சீக்கிரம் ஆறும், சீக்கிரம் காயும்.

கால் நேராகப் புதுப்பேட்டைக்குப் போகும். புதுச் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. டிஸ்க், காலிபர், பேட், பூஸ்டர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்குவார்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வார்த்தை: "அப்படியே ஓசும் நட்டும் ஏதாவது போட்டுக் குடுங்கண்ணே!"

அந்த "ஏதாவது"தான் ஆளைக் கவிழ்க்கும்!

ஒன்று போனால் எல்லாம் போச்சு

பிரேக்கை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. அது இரும்புக் குழாய் வழியாக வந்து, கடைசியில் ரப்பர் ஓசுக்குள் புகுந்து வீலுக்குப் போகிறது. வீல் மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டில் திரும்பும். இரும்புக் குழாய் வளையாது என்பதால்தான் அங்கே ஓஸ். அவசரத்தில் அழுத்தி மிதித்தால், சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தத்தை அது தாங்கியாக வேண்டும்.

பழைய அம்பாசடரில் முன்னால் இரண்டு ஓஸ், பின் ஆக்சிலுக்கு ஒன்று. அந்தக் கால மாஸ்டர் சிலிண்டரில் நான்கு வீலுக்கும் ஒரே லைன்தான். எங்கே ஒரு ஓஸ் வெடித்தாலும் மிதி தரையைத் தொடும். நான்கு வீலிலும் பிரேக் இருக்காது! கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். ஆகவே டிஸ்க் போடுகிற செலவோடு, முன் பின் லைன்களைப் பிரித்து வைக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரையும் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

டிரம் பிரேக்குக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில் ஒரு சின்ன வால்வு இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது அதன் வேலை. அதே அழுத்தம் டிஸ்க் லைனில் நின்றால் பேட் எந்நேரமும் உரசும், சூடேறும். மாஸ்டர் சிலிண்டர் வாங்கும்போதே, "முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்" என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மரை கழன்ற வேலை!

அம்பாசடர் வேறு யாருமல்ல, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான். அதனால் பழைய வண்டிகளில் அங்குல மரை. ஆனால் இன்று கிடைக்கிற காலிபரும் பூஸ்டரும் பெரும்பாலும் மில்லி மீட்டர் மரை. சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் ஒத்துப்போவது போலத்தான் தெரியும். அங்கேதான் சூட்சுமம்!

அங்குலக் கணக்கில் அதிகம் வருவது 3/8 அங்குலம். அதாவது 9.5 மில்லி மீட்டர் குறுக்களவு, அங்குலத்துக்கு 24 மரை. மில்லி மீட்டர் கணக்கில் அதிகம் வருவது 10 மில்லி மீட்டர் குறுக்களவு, 1 மில்லி மீட்டர் இடைவெளி. கணக்குப் போட்டால் அங்குலத்துக்குச் சுமார் 25 மரை.

வித்தியாசம் அரை மில்லி மீட்டர்தான்! 3/8 நட்டை 10 மில்லி மீட்டர் ஓட்டையில் விட்டால் லொடலொடவென்று உள்ளே போகும். ஸ்பானர் போட்டால் இறுகியது மாதிரியும் தெரியும். உண்மையில் அது மரையின் நுனியை மட்டும்தான் கவ்விக்கொண்டிருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. குறுக்கே ஆள் ஓடி வந்து முழு பலத்தோடு மிதிக்கும்போது மரை உரிந்து பீறிடும்!

இதற்கு இரண்டே மருந்து. ஒன்று, மரை அளக்கும் கேஜ் வைத்து அளப்பது. இரண்டு, கையால் திருகிப் பார்ப்பது. சரியான நட்டு ஆட்டமில்லாமல், ஸ்பானர் உதவியில்லாமல் விரலாலேயே கடைசி வரை போகும். ஆடினாலும் தப்பு, பாதியில் முறுக்கினாலும் தப்பு. மரை மாறுகிற இடத்தில் ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் மில்லி மீட்டர் என்று கடைந்த அடாப்டர் போட வேண்டும். பிரேக்குக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

டேப் சுற்றாதீர்கள்

குழாயின் நுனி விரிந்திருக்குமே, அதுதான் பிளேர். ஆயில் கசியாமல் அடைப்பது அதுதான், மரை அல்ல. எனவே மரையில் டெப்லான் டேப் சுற்றுவது வீண் வேலை. பிய்ந்த துணுக்கு உள்ளே போனால் வழியை அடைக்கும்.

பிளேரிலும் இரண்டு ஜாதி. உள்ளே மடித்து இரட்டையாக விரித்தது ஒன்று, குமிழ் மாதிரி உருண்டது இன்னொன்று. குமிழுக்குக் குமிழ், மடிப்புக்கு மடிப்பு. மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

காலிபரில் ஓஸ் சேரும் இடத்தில் செம்பு வாஷர் வரும் வண்டிகளில், கழற்றும்போதெல்லாம் புது வாஷர் போட வேண்டும். நசுங்கினதைத் திரும்பப் போடுவது மிச்சம் பிடிப்பதல்ல, வினையை வாங்குவது!

பழைய ஓஸ் வேண்டவே வேண்டாம்

காலிபரைப் பழசாக வாங்கி, பிரித்துச் சுத்தம் பண்ணிப் போடலாம். ஓசைப் பழசாக வாங்கக் கூடாது. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே உப்பியிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. வீல் பிடித்தபடியே நிற்கும்.

புது ஓசிலும் தயாரித்த தேதியைப் பாருங்கள். கடை அலமாரியில் வருஷக் கணக்கில் தூங்கின ரப்பர் புதுசு அல்ல. ஐ.எஸ். 7079 என்ற இந்தியத் தர எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

எவர்சில்வர் கம்பி பின்னிய ஓஸ் நல்லதா? ரப்பரைவிடக் குறைவாக உப்பும், மிதி கெட்டியாக இருக்கும். ஆனால் உள்ளே பழுதானால் வெளியே தெரியாது. பக்கத்தில் உரசுகிற ஒயரையும் பெயிண்டையும் அறுத்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டது, தயாரித்தவரே முனை அழுத்திச் சோதித்தது என்றால் மட்டும் வாங்கலாம்.

நீளம் எவ்வளவு? ஸ்டியரிங்கை இந்தக் கோடி, அந்தக் கோடி திருப்பி, வீலை முழுசாகத் தொங்கவிட்டும் முழுசாகத் தூக்கியும் அளக்க வேண்டும். எங்கேயும் இழுக்கக் கூடாது, டயரில் உரசக் கூடாது, முறுக்கக் கூடாது.

கடைசிச் சோதனை

ஆயில் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். டாட் 3 அல்லது டாட் 4 மட்டும். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினால் பிரேக் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

ஆர்.டி.ஓ. ஆபீசிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவது பற்றி 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பேசுகிறது.

எல்லாம் மாட்டி, காற்று எடுத்த பிறகு, இன்ஜினை ஓடவிட்டு ஒரு நிமிஷம் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. இன்னொருவர் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் வண்டி ஷெட்டை விட்டு நகரக் கூடாது. நனையாவிட்டால் முதலில் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பார்த்து, மறுபடி ஒருமுறை துடையுங்கள்.

அதற்குப் பிறகுதான் அண்ணா சாலை!